மேகத்துக்கு அடியில் எத்தனை குளிர்

ஸ்கார்வோய், லோஃபோட்டன்
14 செப்டம்பர் 1985

தம்பி எய்லர்ட்,

இதோடு ஒரு பார்சல் வரும். பிரிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள். உள்ளே இருப்பது என் சரக்கு. சென்ற மார்ச்சில் உன் பேச்சை நம்பி நான் கடலோரத்து மரப்பரணில் காற்றில் காயக் கட்டித் தொங்கவிட்ட காட் மீனில் ஒன்று. அதைக் கருவாடு என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. விரலால் அழுத்திப் பார். நல்ல சரக்கு என்றால் விறகுக்கட்டை மாதிரி இருக்கும், தட்டினால் சத்தம் வரும். இது பஞ்சு மாதிரி உள்ளே போகும். பரணில் ஏற்றிய ஈர மீனை உறைபனி பிடித்தால் சதைக்குள் இருக்கும் தண்ணீர் கட்டியாகி நாரையெல்லாம் கிழித்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை மாதம் காற்றில் காய்ந்தாலும் அது தேறாது.

ஏன் போனில் பேசாமல் எழுதுகிறேன் என்று கேட்பாய். மார்ச்சில் நாம் போனில் பேசிய பேச்சைத் என் மீன்துறையில் பாதிப் பேர் கேட்டார்கள். கடிதத்தில் கத்த முடியாது. அது ஒரு வசதி.

போன வாரம் ஜெனோவாவிலிருந்து, வருஷா வருஷம் சரக்கு வாங்கும் பெர்தோலினி வந்தார். வழக்கம்போல் மீனை எடுத்து முகர்ந்தார், வளைத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "என்ன மேடம், இந்த வருஷம் மீன் விக்கிறீங்களா, மெத்தை விக்கிறீங்களா?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவர் சிரிக்கவில்லை. கடைசியில் முக்கால்வாசிச் சரக்கு நாய்த்தீனிக்குப் போயிற்று.

உப்பில் போட்டிருக்கலாம். உப்புமீனுக்கு லாபம் குறைவு, ஆனால் உறைபனி அதை ஒன்றும் செய்யாது. அந்த வாரம் நான் உப்பில் போடத்தான் இருந்தேன். நீதான் போனில், "வேண்டாங்க்கா, குளிர் வராது, எல்லாத்தையும் ஏத்து" என்றாய்.

வானொலியில் அப்படிச் சொல்லவில்லை. 'மாறலாம்' என்று இழுத்தார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்று உன் சாட்டிலைட்டுக்குத் தெரியும் என்றாய். அது என்ன? அதை மட்டும் எழுது. நான் சின்ன வயதில் மீன் நாக்கு அறுத்து விற்றுச் சேர்த்த காசில் ஆரம்பித்துக் கட்டிய துறை இது. இன்னொரு வருஷம் இப்படிப் போனால் மூடவேண்டியதுதான். வங்கிக்காரர் இப்போதெல்லாம் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார். அவர் மரியாதை கூடக்கூட நான் கணக்குப் புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்க்கிறேன்.

குன்வோர்


ட்ரோம்ஸோ
2 அக்டோபர் 1985

அக்கா,

என் வீட்டு முகவரி உனக்குத் தெரியாதா? வேண்டுமென்றே ஆபீஸுக்கு அனுப்பியிருக்கிறாய். என் மேலதிகாரி டொல்லெஃப் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "உங்க வீட்டுல பிறந்தநாளுக்கு இதான் அனுப்புவாங்களா?" என்று கேட்டார். "இல்ல சார், இது எங்க அக்காவோட கருத்து" என்றேன்.

கேட்டாய், எழுதுகிறேன். சாட்டிலைட் நம் தலைக்கு மேலே துருவத்தைச் சுற்றிப் போகிறது. கீழேயிருந்து எழும் வெப்பத்தை அது அளக்கிறது. அகச்சிவப்பில் பல அலைநீளங்கள் உண்டு. ஒன்று உயரத்துக் காற்றின் சூட்டைச் சொல்லும், ஒன்று நடுவிலிருப்பதை, ஒன்று தரையருகே இருப்பதை. எல்லாவற்றையும் சேர்த்தால் எந்த உயரத்தில் எத்தனை சூடு என்று ஓர் ஏணி மாதிரி கிடைத்துவிடும். சூடு அளக்கும் பலூன் விட ஆள் இல்லாத இடத்துக்கெல்லாம் இதுதான் கண்.

தொல்லை மேகத்தால்தான். நடுவில் மேகம் வந்தால் அடியிலிருக்கும் சூடு மேலே வராது, மேகத்தின் சூடுதான் வரும். மேகம் உள்ள இடத்தையெல்லாம் தள்ளிவிட்டால் நம் பக்கத்தில் மிஞ்சுவது சொற்பம். அதனால்தான் என் வேலை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளியை எடுத்துக்கொள்கிறோம். இரண்டிலும் ஒரே மேகம், ஒன்றில் அதிகம், ஒன்றில் குறைவு என்று வைத்துக்கொண்டால், மேகமே இல்லாவிட்டால் எவ்வளவு சூடு வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம். மேகத்தைக் கழுவுவது என்று நாங்கள் சொல்வோம். எட்டு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். தெற்கே நன்றாக வருகிறது.

மார்ச்சில் வானிலை ஆபீஸ்களுக்கு நாங்கள் அனுப்பும் தாளில் வடக்கும் கிழக்கும் மிதமாகத்தான் இருந்தன. அதை வைத்துச் சொன்னேன். ஏன் தப்பியது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. 'அநேகமாக' என்று சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். எனக்கும் அலுத்துவிட்டது, அக்கா.

எய்லர்ட்


ஸ்கார்வோய்
9 அக்டோபர் 1985

எய்லர்ட்,

நீ 'அநேகமாக' என்று சொல்லவில்லை. இங்வால்ட் என் பக்கத்தில்தான் நின்றான், இருபது வருஷமாக என் மேஸ்திரி, அவனைக் கேட்டேன். "அநேகமாவா? உங்க தம்பி அன்னிக்குக் கடவுள் மாதிரில்ல பேசினாரு!" என்கிறான்.

உன் இரண்டு புள்ளிக் கதை புரிந்தது. ஐஸும் மீனுமாக இரண்டு பெட்டி வருகிறது, ஒன்றில் ஐஸ் அதிகம், ஒன்றில் குறைவு. இரண்டையும் எடை போட்டால் ஐஸ் போக மீன் எத்தனை என்று தெரிந்துவிடும் என்கிறாய். சரி, இருக்கட்டும். எனக்கு அது வேண்டாம். எதில் தப்பு என்று கண்டுபிடித்த பிறகு எழுது. அதுவரை வேண்டாம்.

குன்வோர்


ட்ரோம்ஸோ
11 டிசம்பர் 1985

அக்கா,

கண்டுபிடித்துவிட்டேன். சந்தோஷமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே.

உன் மீனை என் மேசைக்கு மேலே ஜன்னல் கொக்கியில் மாட்டியிருக்கிறேன். நாற்றம் போய்விட்டது, அல்லது எங்களுக்குப் பழகிவிட்டது. அதன் அடியில் உட்கார்ந்து மார்ச் மாதத்துப் பழைய டேப்புகளை ஒவ்வொன்றாக மறுபடி ஓட்டினேன்.

எங்கள் படத்தில் குளிர்ந்தது வெள்ளை, சூடானது கறுப்பு. மேகம் உயரத்தில் இருப்பது, ஆகவே குளிர்ந்தது, ஆகவே வெள்ளை. கறுப்பாகத் தெரிந்தால் வானம் திறந்திருக்கிறது, தரை தெரிகிறது என்று அர்த்தம். இரண்டு புள்ளியில் எது சூடோ அதில் மேகம் குறைவு. புரோகிராமின் அடிமடியில் இந்த விதி உட்கார்ந்திருக்கிறது. எழுதியவர்கள் தெற்கத்திக்காரர்கள். அவர்கள் ஊருக்கு அது சரி.

அந்த வாரம் உங்களுக்குக் கிழக்கே ஃபின்மார்க் பீடபூமி முழுக்கப் பனித்தரை. காற்று அசையவில்லை. இரவெல்லாம் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் கல்லாகக் கிடந்தது. அதன் மேலே தாழ்வாக ஒரு மேகத்திட்டு. தரையைவிட மேகம் சூடு. ஆகப் படத்தில் தரை வெள்ளை, மேகம் கறுப்பு. பகலாக இருந்தால் வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் பார்த்துப் பிடித்திருக்கலாம். இரவில் வெப்பம் ஒன்றுதான் சாட்சி. புரோகிராம் மேகத்தைத் தரை என்றும் தரையை மேகம் என்றும் எடுத்துக்கொண்டது. அதோடு விட்டதா? மேகத்தைக் கழுவுகிறேன் என்று உண்மையான குளிருக்கு எதிர்ப்பக்கமாக இன்னும் கொஞ்சம் தள்ளிக் கணக்குப் போட்டது. அங்கே குளிர் குளமாகத் தேங்கி நின்றிருக்கிறது. எங்கள் தாளில் அந்த இடம் மிதம். பிறகு காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து வீச, குளம் உடைந்து உங்கள் பக்கம் வந்தது.

அந்தப் படத்தை அன்று நான் என் கண்ணால் பார்த்தேன். கறுப்பைப் பார்த்து வானம் திறந்திருக்கிறது, தரையும் மிதம் என்றேன். வானம் மூடினால் குளிர் விடும், திறந்தால் கடிக்கும் என்பது நம் ஊரில் நாய்க்குக்கூடத் தெரியும். நீ எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

எய்லர்ட்


ஸ்கார்வோய்
12 ஜனவரி 1986

எய்லர்ட்,

நான் எழுத வைத்திருந்ததை நீயே எழுதிவிட்டாய். கிறிஸ்துமஸ் முழுக்க உன்னைத் திட்ட வேறு வார்த்தை தேடினேன், அகப்படவில்லை. விடு.

இரண்டு கேள்வி இருக்கிறது. வியாபாரக் கேள்வி.

அந்தப் பீடபூமியில் மனிதர்கள் இல்லையா? வாசலில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டியவர் ஒருவர்கூட இல்லையா? மேலே சாட்டிலைட்டை அனுப்பிக் கேட்டதற்குப் பதில் அவரைக் கேட்டிருக்கலாமே?

இரண்டாவது, அந்தத் தாளை இன்னும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறீர்களா? இப்போது ஜனவரி. பிப்ரவரியில் மீன் வந்துவிடும். வெஸ்ட்ஃபியோர்டன் கடல் முழுக்கப் படகாக இருக்கும். நான் மட்டுமில்லை, இந்தக் கரையில் பரண் வைத்திருப்பவன் ஒவ்வொருவனும் வானொலியைக் காதில் வைத்துக்கொண்டுதான் தூங்குவான். அழுகின மீன் என்று தெரிந்த பிறகும் பெட்டியைக் கப்பலில் ஏற்றினால் அதற்குப் பேர் வேறு. உனக்கே தெரியும்.

முதுகு வலிக்கிறது. இந்த வருஷம் நானே கயிறு கட்டப் போகிறேன், கூலிக்கு ஆள் பிடிக்க மனசு வரவில்லை.

குன்வோர்


ட்ரோம்ஸோ
16 பிப்ரவரி 1986

அக்கா,

தெர்மாமீட்டர் வைத்தவர் ஒருவர் இருந்தார். ஒழுங்காகப் படித்து ஒழுங்காக அனுப்பியிருக்கிறார். எங்கள் புள்ளிகள் எல்லாம் மிதம் என்று சொல்ல, அவர் ஒருவர் மட்டும் கடுங்குளிர் என்றிருக்கிறார். கம்ப்யூட்டர் அத்தனை பேரோடும் ஒத்துப்போகாத அந்த ஒருவரைத் தப்பு என்று தள்ளிவிட்டது. இதை எழுதவே கை வரவில்லை. அதனால்தான் இத்தனை தாமதம்.

அடுத்ததைச் சொல்கிறேன். போன வாரம் கூட்டம். இரவுப் படத்தில், பனித்தரைக்கு மேலே மேகம் என்று சந்தேகம் வந்தால் அந்தப் புள்ளியைக் கழுவவே கூடாது, வெறுமையாக விட்டுவிட வேண்டும் என்றேன். டொல்லெஃப் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்படித் தூக்கினா மேப்புல பாதி ஓட்டை, எய்லர்ட். ஓட்டையை யார்கிட்ட குடுக்கிறது?"

"ஓட்டைன்னு சொல்லியே குடுப்போம் சார்."

"மேகத்துக்கு அடியில என்ன இருக்குன்னு சொல்லத்தானய்யா உன்னை வெச்சிருக்கு. எட்டு வருஷமா அதைச் சொல்லித்தானே பணம் வாங்குறோம்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேகத்தை ஊடுருவும் நுண்ணலைக் கருவி இருக்கிறதே, அதை வைத்துச் சமாளிக்கலாமே என்று ஒருவர் சொன்னார். அதற்கும் பனித்தரையருகே தடுமாற்றம்தான், பார்வையும் மங்கல். பிறகு நான் எழுந்து போய் உன் மீனைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தேன். அழுத்திப் பாருங்கள் என்றேன். ஆளுக்கு ஒரு தரம் அழுத்தினார்கள். டொல்லெஃப் விரலைத் துடைத்துக்கொண்டு, இந்தக் குளிர்காலம் மட்டும் என்றார்.

இப்போது வரைபடத்தில் வடக்கே பெரிய பெரிய வெறும் இடம். ஆபீஸில் அதற்கு 'எய்லர்ட்டின் ஓட்டை' என்று பேர் வைத்துவிட்டார்கள். நான் பெருமைப்பட்ட வேலையில் எனக்கு மிஞ்சியது அதுதான். சாயங்காலம் ஐந்து மணிக்கே கண் சொருகுகிறது.

எய்லர்ட்


ஸ்கார்வோய்
23 மார்ச் 1986, குருத்தோலை ஞாயிறு

எய்லர்ட்,

வெள்ளிக்கிழமை வந்த மீனை வைக்க இடமில்லை. இத்தனை மீன் நான் பார்த்து வெகு நாளாகிவிட்டது. ஈஸ்டர் வாரம், பாதி ஆட்கள் மலைக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போய்விட்டார்கள். நின்றால் கால் வலி, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. மீன் காத்திருக்காது. ஏற்றுவதா, உப்பில் போடுவதா என்று உடனே சொல்லியாக வேண்டும். வானொலிக்காரர் பழையபடி 'மாறலாம்'.

உன்னைக் கேட்கக்கூடாது என்றிருந்தேன். இங்வால்ட் என்னைக் கேட்காமல் உனக்குப் போன் போட்டிருக்கிறான். உனக்குத் தெரியும். எனக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேள். கைநிறைய மீன் கல்லீரலோடு வந்து நிற்கிறான், முகம் ஒரு மாதிரி.

"உங்க தம்பிகிட்ட பேசினேன்."

"யாரு பேசச் சொன்னது?"

"யாரும் சொல்லல. வேத்து ஆளா என்ன?"

"என்ன சொன்னான்?"

"தெரியாதுன்னாரு."

"அவ்ளோதானா?"

"பீடபூமி மேல மேகமாம். அடியில எத்தனை குளிர் கிடக்குதுன்னு தெரியாதாம். காத்து திரும்புமான்னு கேட்டேன், அதுவும் தெரியாதாம். தெரியாதுங்கிறதை ரெண்டு தடவை சொன்னாரு. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு, அழுதாரோ என்னவோ."

"அவன் அழமாட்டான். தூங்கியிருக்கமாட்டான்."

"இதுக்கா இவ்ளோ படிச்சாருன்னு தோணுச்சும்மா. தெரியாதுன்னு சொல்ல என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே?"

"நீ சொல்றதும் அவன் சொல்றதும் ஒண்ணில்லடா. உனக்கு எதுவுமே தெரியாது. அவனுக்கு எது தெரியாதுன்னு தெரியும். போய் வேலையைப் பாரு."

கோபத்தில் சொன்னதுதான். சொன்ன பிறகு அங்கேயே ஒரு பீப்பாய் மேல் உட்கார்ந்துவிட்டேன். போன வருஷம் 'ஏத்து' என்றாய், மொத்தமும் ஏற்றினேன். இப்போதும் ஏதோ ஒன்றைச் சொல்லியிருந்தால் அதைத்தான் செய்திருப்பேன், அல்லது பழைய கோபத்தில் அதற்கு எதிராகச் செய்திருப்பேன். இரண்டும் சூதாட்டம். தெரியாது என்றால் தெரியாததற்கு உள்ள வழி எனக்குத் தெரியும். பாதியைப் பரணில் ஏற்றினேன், பாதியை உப்பில் போட்டேன். உப்புத் தொட்டியை இரவல் வாங்க வேண்டியிருந்தது.

இப்போது ஒன்றும் செய்வதற்கில்லை. ஜன்னலில் உட்கார்ந்து கொடிக்கம்பத்தைப் பார்க்கிறேன். துணி கிழக்கே ஆடுகிறதா, மேற்கே ஆடுகிறதா என்று. அவ்வளவுதான் என் சாட்டிலைட்.

குன்வோர்


ட்ரோம்ஸோ
4 ஏப்ரல் 1986

அக்கா,

காற்று திரும்பவில்லை. குளிர் பீடபூமியிலேயே கிடந்து வடக்கே நழுவிவிட்டது. உங்கள் பக்கம் உறைபனி தொடவில்லை என்று நேற்று வந்த தாளில் பார்த்தேன். நீ எல்லாவற்றையும் ஏற்றியிருக்கலாம். உப்பில் போட்ட பாதியின் லாபம் என்னால் போயிற்று. போன வருஷம் தெரியும் என்று சொல்லிக் கெடுத்தேன், இந்த வருஷம் தெரியாது என்று சொல்லிக் கெடுத்தேன். டொல்லெஃப் வரைபடத்தைக் காட்டி, "பாத்தியா? ஓட்டையில ஒண்ணும் ஆகல" என்றார். அடுத்த குளிர்காலத்துக்கு ஓட்டையை அடைக்கச் சொல்வார்.

இங்வால்டிடம் சொல், நான் அழவில்லை.

எய்லர்ட்


ஸ்கார்வோய்
19 ஏப்ரல் 1986

தம்பி,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தேன், மீனும் கல்லீரலும் ஆறிப்போயின. உனக்குக் கணக்கு வரும், வியாபாரம் வராது. அதனால் சொல்லித் தொலைக்கிறேன்.

பெர்தோலினி போன் செய்தார். "என்ன மேடம், பாதிதானா? வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார். "நல்லா இருந்துச்சுன்னு உங்களுக்கு இப்பத் தெரியுது. எனக்கு அன்னிக்குத் தெரியல" என்றேன். பிறகு, பரணில் இருப்பது எப்படி என்று கேட்டார். கட்டையாகிக்கொண்டு வருகிறது என்றேன். வருகிறேன் என்றார்.

உப்புமீனில் லாபம் குறைந்தது நிஜம். வங்கிக்காரரின் மரியாதை கொஞ்சம் குறைந்திருக்கிறது, அதுவே எனக்கு நிம்மதி. துறை நிற்கும். போன வருஷத்து நஷ்டம் உன் குரலில் லாபம் மாதிரி வந்து படுத்தது. இந்த வருஷத்தது வாசலில் நின்று, நான் நஷ்டம், உள்ளே வரட்டுமா என்று கேட்டுக்கொண்டு வந்தது. வா என்று நானே சொன்னேன். அது எனக்கு வலிக்கவில்லை. பாதியை உப்பில் போட்ட அன்று இரவு நான் தூங்கினேன், எய்லர்ட். போன வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை.

டொல்லெஃப் ஓட்டையை அடைக்கச் சொன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரிந்த பிறகு அடை. அதற்கு இன்னும் எட்டு வருஷம் ஆனால் ஆகட்டும். அவருக்கு வேண்டுமானால் வேறு யாராவது வர்ணம் அடித்துக் கொடுக்கட்டும். நீ அடிக்காதே.

ஜூனில் மீன் இறக்குவோம். ஆள் பற்றாது, வா. ஆபீஸ் மீனைக் கொண்டுவராதே, அது அங்கேயே தொங்கட்டும்.

வரும் குளிர்காலத்தில் உனக்குத் தெரியாதபோதெல்லாம் எனக்குச் சொல்ல வேண்டும். எழுதிக்கொண்டிருக்க நேரமிருக்காது, மீன் காத்திருக்காது. போன் போடு. நான் எடுக்கிறேன்.

அக்கா